கர முதல் கன வரை: ஒரு முதற்குறிப்பு அகராதியும் அதன் சப்மேப்பும்

பிழைச்செய்தி ஒரே வரிதான்: "ஃப்ரம்கீ > டூகீ". தொடக்கச் சாவி (தேடும் சொல்) முடிவுச் சாவியைவிடப் பெரியது என்கிறது ஜாவா நிரல்மொழி. நான் கேட்டதோ "கர" முதல் "கன" வரை. இரண்டாம் வகுப்புப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் ரகரத்துக்கு வெகுதூரம் தள்ளித்தான் னகரம் என்று சொல்லும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். திருக்குறள் உரைநூல்களின் கடைசியில் செய்யுள் முதற்குறிப்பு அகராதி என்று ஒரு பட்டியல் இருக்கும் அல்லவா? முதற்சீரைக் கொண்டு குறள் எண்ணைத் தேட உதவுவது. அதைக் கணினியில் பார்க்க வேண்டும், அச்சு நூலில் இருப்பதுபோலவே பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று கேட்டார். 1,330 குறள், ஒவ்வொன்றுக்கும் முதற்சீர் சாவி, குறள் எண் மதிப்பு. இப்படிச் சாவி-மதிப்பு இணைகளை வைக்கும் அமைப்புக்கு மேப் என்று பெயர். வரிசை கலையாமல் வைத்துக்கொள்ள ஜாவாவின் ட்ரீமேப் இருக்கிறது. ஒரு பகுதியை மட்டும் எடுக்க அதன் சப்மேப் இருக்கிறது. ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளில் பகுதி எடுப்பது பற்றி நான் தெரிந்துகொண்டதுதான் இந்த ஆய்வு.

முதல் வடிவம் எளிமையானது. பக்கங்களின் தலைப்பெழுத்துகளை ஒரு பட்டியலில் வைத்தேன்: கட, கய, கற, கா என்று போகும். ஒரு பக்கம் என்பது ஒரு தலைப்பில் தொடங்கி அடுத்த தலைப்புக்கு முன் முடிவது. சப்மேப்பின் இயல்பும் அதுவே: தொடக்கச் சாவி சேரும், முடிவுச் சாவி சேராது. 1998இல் வெளிவந்த ஜாவா 1.2 முதல் இப்படித்தான். இரு முனையையும் சேர்ப்பதா விடுவதா என்று தனித்தனியாகச் சொல்லும் வசதி 2006இல் ஜாவா 6 கொண்டுவந்த நேவிகபிள்மேப்பில்தான் கிடைத்தது. எனக்கு அது தேவைப்படவில்லை. முடிவு சேராத துண்டுகளை வரிசையாக வைத்தால் செங்கல்லோடு செங்கல் ஒட்டினாற்போல இடைவெளியும் இராது, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் செய்யாது. கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய ஒரு குறிப்பில் இந்த வகை எல்லைக்கே வாதாடியிருக்கிறார்.

எல்லாப் பக்கங்களின் எண்ணிக்கையையும் கூட்டி, முழு மேப்பின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஆசிரியர் திரையைப் பார்த்தார். "தம்பி, கனவினான் ஏன் கதங்காத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான்?"

பார்த்தேன். "கட" பக்கத்தில் கடலன்ன, கண்டுகேட்டு, கதங்காத்து, கதுமென, அடுத்தது கனவினான். "கற" பக்கத்தில் கற்க முன்னால் நிற்க, கல்லாவும் களித்தறியேனும் அதன் பின்னால் நின்றன. எதுவும் தொலையவில்லை, ஆனால் பல, தம் பக்கத்தில் இல்லை. தலைப்புப் பட்டியலை விட்டுவிட்டு, வேண்டிய இடத்தை நேரே தட்டிப் பார்க்கலாம் என்று "கர", "கன" இரண்டையும் கொடுத்தார். மேலே சொன்ன பிழைச்செய்தி அப்போதுதான் வந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. ட்ரீமேப்புக்கு வரிசை எது என்று நாமாகச் சொல்லாவிட்டால் சாவியின் இயல்பு வரிசையை எடுத்துக்கொள்ளும். சரங்களுக்கு (எழுத்துத் தொடர்களுக்கு) அது யூனிகோட் எண் வரிசை, அதாவது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் தரப்பட்ட பொது எண்ணின் வரிசை. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவான கட்டங்கள் போட்ட இஸ்கி தரத்தின் 1988 வடிவத்தைப் பின்பற்றியது. தேவநாகரியில் எந்தக் கட்டத்தில் எந்த ஒலியோ அதே கட்டத்தில் நம் எழுத்தும் உட்கார வேண்டும். அதனால் நகரத்தின் எண் 2984 என்றால் னகரம் 2985, பகரம் 2986. ரகரம் 2992, றகரம் 2993, அதன் பிறகே லகரம் 2994. ளகரம் 2995, ழகரம் 2996, வகரம் 2997. நெடுங்கணக்கின் கடைசி வரிசையில் நிற்க வேண்டிய றகரமும் னகரமும் நடுக்கூட்டத்தில் நுழைந்துவிட்டன.

இந்தக் கணக்குப்படி "கர" என்பது "கன"வைவிடப் பெரியதுதான். ஜாவா பொய் சொல்லவில்லை. பிழை எறிந்து நின்றதே உபகாரம் என்பேன். "கட" முதல் "கய" வரை கேட்டபோது தொடக்கமும் முடிவும் இரு வரிசையிலும் ஒழுங்காகவே இருந்ததால், அது வாய் திறக்காமல் தவறான பக்கத்தைக் கொடுத்தது. என் கூட்டல் சரிபார்ப்பும் அதைப் பிடிக்கவில்லை. ஒட்டிய துண்டுகள் எந்த வரிசையில் வெட்டினாலும் கூட்டினால் முழுமைதானே!

இங்கே சப்மேப் உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். ட்ரீமேப் என்பது சிவப்பு-கறுப்பு மரம்: கணுவுக்கு ஒரு சாவியாக வைத்து, ஒரு பக்கம் அதிகம் சாயாமல் தன்னைச் சமன்செய்துகொள்ளும் கிளை அமைப்பு. 1,330 கணுக்கள் உள்ள அப்படிப்பட்ட மரத்தின் உயரம் எவ்வளவு மோசமான நிலையிலும் 20ஐத் தாண்டாது. சப்மேப் கேட்டவுடன் எதையும் பொறுக்கி எடுப்பதில்லை. தாய் மேப்பையும் இரண்டு எல்லைகளையும் நினைவில் வைத்துக்கொண்டு ஒரு ஜன்னலைத் திறந்து தருகிறது, அவ்வளவுதான். அந்த ஜன்னல் வழியாகச் சாவிகளை ஒவ்வொன்றாக எடுக்கும் சுற்றை ஓட்டத் தொடங்கும்போது மரத்தில் இரண்டு முறை இறங்குகிறது: தொடக்க எல்லைக்கு உட்பட்ட முதல் கணுவைத் தேட ஒருமுறை, முடிவு எல்லைக்கு அப்பால் நிற்கும் முதல் கணுவை வேலிக்கல்லாகக் குறித்துக்கொள்ள ஒருமுறை. பிறகு ஒவ்வொரு கணுவிலிருந்தும் அதன் அடுத்ததற்கு நடக்கிறது. வேலிக்கல் வந்ததும் நிற்கிறது. வரிசையைத் தீர்மானிக்கும் கம்பேரேட்டருக்குள் ஓர் எண்ணியை வைத்துப் பார்த்தேன். சுற்று தொடங்கும்போது எண்ணி ஏறியது, நடந்துகொண்டிருந்தபோது அசையவேயில்லை. நடுவில் ஒவ்வொரு சாவியையும் எடுத்து "நீ இந்த எல்லைக்குள்தானா?" என்று யாரும் கேட்பதில்லை. முழு மேப்பையும் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் ஓர் "இஃப்" போட்டு வடிகட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். 1,330 குறளில் அந்த வித்தியாசம் கைக்கடிகாரத்துக்குத் தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பிடித்தது வேகமல்ல. அச்சிடும் நிரல், தன் கையில் இருப்பது முழு அகராதியா ஒரு பக்கமா என்று தெரிந்துகொள்ளவே தேவையில்லை; இரண்டும் சார்ட்டட்மேப் (வரிசையுள்ள மேப்) என்ற ஒரே இடைமுகம்தான், இரண்டையும் ஒரே விதமாக அழைக்கலாம்.

ஜன்னலின் எண்ணிக்கையைக் கேட்பது மட்டும் ஓசையில்லாத செலவு. முழு மேப் தன் எண்ணிக்கையைக் கைவசம் வைத்திருக்கிறது. ஜன்னலோ கேட்கும்போது ஒவ்வொன்றாக எண்ணித்தான் சொல்லும். பக்கம் காலியா என்று அறிய எண்ணிக்கையைச் சுழியத்தோடு ஒப்பிடுவதைவிட "இஸ்எம்ப்டி" என்று கேட்பது நல்லது. அது முதல் கணுவை மட்டும் பார்த்துப் பதில் சொல்லிவிடும்.

சரி, வரிசையை மாற்ற வேண்டும். தமிழ் எழுத்து 247: உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, உயிர்மெய் 216. அகராதி வரிசையில் உயிர்களுக்கு 1 முதல் 12, ஆய்தத்துக்கு 13. பிறகு ஒவ்வொரு மெய்க்கும் 13 இடம்: முதலில் புள்ளி வைத்தது, அடுத்து அகரம் ஏறியது, ஆகாரம் ஏறியது என்று. க் 14, க 15, கா 16. கடைசியாக னௌ சரியாக 247இல் வந்து நிற்கும். சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து இந்த எண்களை ஒப்பிடும் கம்பேரேட்டர் ஒன்றை எழுதி ட்ரீமேப்பிடம் கொடுத்தேன். கருமணியிற் என்பதன் இரண்டாம் எழுத்து ரு, எண் 162. கல்லாவின் ல் 170. கற்கவின் ற் 222. கனவினானின் ன 236. நெடுங்கணக்கு தன் இடத்துக்குத் திரும்பியது. "கர" முதல் "கன" வரை கேட்டால் பிழையில்லாமல் பக்கம் வந்தது.

ஆசிரியரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் "கற" பக்கத்தைத் திறந்தார். கற்க இல்லை.

இது முழுக்க என் தவறு. யூனிகோட் பார்வையில் ற் என்பது றகரத்தோடு பின்னால் ஒட்டிய புள்ளி. ஆகவே "கற"வில் தொடங்கும் எதுவும் "கற"வுக்குப் பின்னால்தான் வரும். எழுத்துப் பார்வையில் ற் வேறு எழுத்து, ற வேறு எழுத்து, ற் முந்தியது. 222 எங்கே, 223 எங்கே! எல்லையை "கற" என்று வைத்ததால் கற்க வேலிக்கு வெளியே, முந்தின பக்கத்தின் வாலில் போய் நின்றது. வரிசையை மாற்றினேன், பழைய வரிசைக்கு வெட்டிய எல்லைகளை மாற்றவில்லை. பக்கப் பட்டியலை கட், கய், கற், கா என்று திருத்தினேன். இதே பட்டியலை முதல் வடிவத்தில் வைத்திருந்தால் வேறு கூத்து நடந்திருக்கும்: யூனிகோட் எண்ணில் புள்ளி 3021, மெய்யெழுத்துகள் எல்லாவற்றையும்விடப் பெரியது, "கய்" என்று தொடங்கினால் கயலுண்கண் பக்கத்துக்கு வெளியே நின்றிருக்கும். ஒரே எல்லை ஒரு வரிசையில் சரி, இன்னொன்றில் பிழை.

ஆசிரியர் அடுத்து ஒரு பொத்தான் கேட்டார். சரிபார்த்து முடித்த பக்கம் திரையிலிருந்து மறைய வேண்டும். பக்கம் என்பது சப்மேப். அதன்மீது "கிளியர்" என்று ஒரு சொல் போதுமே என்று எழுதினேன். அவர் நான்கு பக்கம் சரிபார்த்த பிறகு தேடல் பெட்டியில் "கற்க" என்று தட்டினார். அப்படி ஒரு குறளே இல்லை என்றது என் நிரல். திருவள்ளுவர் கல்வி அதிகாரத்தை எழுத மறந்துவிட்டாராம்.

ஜன்னல் என்று மேலே சொன்னது உவமைக்காக அல்ல. அதன் வழியாகக் கையை நீட்டினால் கை வீட்டுக்குள்தான் போகும். ஜன்னலில் அழித்தது தாய் மேப்பிலும் அழிந்தது. சேர்த்தால் அங்கும் சேரும். எல்லைக்கு வெளியே உள்ள சாவியைச் சேர்க்கப் பார்த்தால் பிழை எறியும். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. நல்லவேளை, அகராதி ஒவ்வொரு முறையும் கோப்பிலிருந்து புதிதாக ஏறுவதால் மூடித் திறந்ததும் குறள்கள் திரும்பிவிட்டன.

எனவே பக்கத்தைப் படியெடுத்து, படியை அழிப்பது என்று முடிவுசெய்தேன். புதிய ட்ரீமேப் ஒன்றை உருவாக்கி அதற்குள் சப்மேப்பைக் கொடுத்தேன். ஓடிப் பார்த்தால், "கற்" பக்கத்தில் கனவினான் மறுபடியும் இடம் மாறி, கற்கவுக்கு முன்னால்!

இந்த இடத்தில்தான் அதிக நேரம் போயிற்று. மற்ற தவறுகளுக்கு வெட்கப்பட்டேன், இதற்குக் கோபப்பட்டேன். இன்னொரு மேப்பிலிருந்து ட்ரீமேப்பை உருவாக்க இரண்டு கன்ஸ்ட்ரக்டர்கள் (உருவாக்கும் முறைகள்) இருக்கின்றன. சார்ட்டட்மேப் ஒன்றை வாங்கிக்கொள்வது, வந்த மேப்பின் கம்பேரேட்டரையும் கூடவே எடுத்துக்கொள்ளும். வெறும் மேப் ஒன்றை வாங்கிக்கொள்வது, சாவிகளையும் மதிப்புகளையும் மட்டும் எடுத்து இயல்பு வரிசையில் அடுக்கும். இரண்டில் எது என்பதை, மாறிக்கு நாம் எழுதிய வகைப் பெயரைப் பார்த்து, நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. உள்ளே இருப்பது உண்மையில் சார்ட்டட்மேப்தான் என்பது ஓடும்போது தெரிந்தாலும் காலம் கடந்துவிட்டது. என் முறை பக்கத்தை "மேப்" என்று அறிவித்து வாங்கியிருந்தது. பொதுவான வகையை எழுது, குறிப்பிட்ட வகையை எழுதாதே என்று பொருள்நோக்கு நிரலாக்கத்தில் எல்லோரும் சொல்லிக் கொடுப்பார்கள். நல்ல பிள்ளையாக அதைக் கேட்டதற்குக் கிடைத்த பரிசு இது. ஒரு சொல்லை மாற்றியதும் நெடுங்கணக்கு திரும்பியது.

அதற்குள் ஆசிரியர் கல்லாமை அதிகாரத்துக்கு வந்திருந்தார். அவருடைய அட்டையில் கல்லா என்ற முதற்சீருக்கு இரண்டு குறள்: 403ஆம் குறளான "கல்லா தவரும்", 405ஆம் குறளான "கல்லா ஒருவன்". திரையில் ஒன்றுதான்.

"தம்பி, ஒருவன் வந்துவிட்டான். தவரும் எங்கே போயிற்று?"

இதற்கும் வரிசைக்கும் தொடர்பில்லை. மேப்பில் ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு. 405 ஏறியபோது 403ஐ மிதித்துவிட்டு ஏறியது. கல்லாதான் என்பதிலும் அப்படியே: 402 போய் 404 மட்டும். செய்யாமல் என்பதில் 101 போய் 313. முதல்நாள் நான் பக்கங்களின் கூட்டலை எதோடு ஒப்பிட்டேன்? மேப்பின் எண்ணிக்கையோடு. அதில் ஏற்கெனவே ஆள் குறைந்திருந்தது. இரண்டும் ஒரே கணக்கப்பிள்ளை எழுதிய கணக்கு. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? 1,330 என்ற எண் கண்முன்னால் இருந்தும் அதோடு ஒப்பிடத் தோன்றவில்லை.

மதிப்பைப் பட்டியலாக மாற்றுவது ஒரு வழி. நான் சாவியை மாற்றினேன். வெறும் சரத்துக்குப் பதில், முதற்சீரும் குறள் எண்ணும் சேர்ந்த "அடைவுச்சாவி" என்ற சிறு வகுப்பு. முதலில் சீரை எழுத்து வரிசையில் ஒப்பிடும்; சீர் ஒன்றாக இருந்தால் எண்ணை ஒப்பிடும். கம்பேரபிள் இடைமுகத்தை அந்த வகுப்பே நிறைவேற்றுவதால், இனி எந்த மேப்புக்குள் எந்த வகைப் பெயரில் போனாலும் வரிசை சாவியோடு போகும், கனவினான் நகரமாட்டான். கல்லா என்ற சீரின் குறள்கள் மட்டும் வேண்டும் என்றால் எல்லைகளும் அடைவுச்சாவிகளாகவே இருக்க வேண்டும்: கல்லா, 0 என்பதிலிருந்து கல்லா, 1331 என்பது வரை. அப்படிப்பட்ட குறள்கள் இல்லை. எல்லைக் கற்களாக மட்டும் நிற்பவை. ஒரே சீருக்குள் எண் வரிசையில் வருவது அச்சு நூலின் மரபோடு ஒத்துப்போகாமல் இருக்கலாமே என்று ஆசிரியரிடம் கேட்டேன். "போதும் தம்பி, இரண்டும் இருந்தால் சரி" என்றார்.

மேப்பின் எண்ணிக்கை 1,330 காட்டியது.

கடைசியாகக் கிடைத்த பிழை கொக்கொக்க, 490ஆம் குறள். அது கெ பக்கத்தில், கெடுவாகவுக்கும் பின்னால், கடைசி வரியில் இருந்தது. திரையில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. நானும் ஆசிரியரும் அந்தச் சொல்லை நெடுநேரம் உற்றுப் பார்த்தோம். உள்ளே திறந்தால், கொ என்பதற்கு யூனிகோடில் உள்ள ஒற்றைக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகத் தட்டப்பட்டிருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. என் எழுத்துப் பிரிப்பான் கெ என்று ஒன்றைப் படித்துவிட்டு, மிச்சமிருந்த துணைக்காலை அடையாளம் தெரியாத எழுத்து என்று கடைசி இடத்துக்குத் தள்ளியிருந்தது. ஜாவாவின் நார்மலைசர் இப்படிப் பிரிந்து கிடப்பதைச் சேர்த்துவிடும். அடைவுச்சாவி உருவாகும் இடத்திலேயே அதை அழைத்தேன். எல்லைகளும் அதே வாசல் வழியாகத்தான் உருவாகின்றன. ஆகவே ஆசிரியர் எந்த விசைப்பலகையில் எப்படித் தட்டினாலும் ஒன்றுதான்.

இதே வேலையை மற்ற மொழிகளில் செய்பவர்களுக்குச் சில சொற்கள். சீ பிளஸ் பிளஸ்ஸில் மேப்பின் சொந்த உறுப்பான லோயர்_பவுண்ட் மரத்தில் இறங்கித் தேடும். அதே பெயரில் வெளியே இருக்கும் பொது நிரலை மேப்பின்மீது ஏவினால் ஒப்பீடுகள் குறைவாக இருந்தாலும் கணு கணுவாக நடந்தே தீரும். அங்கே எல்லைகள் தலைகீழானால் பிழைச்செய்தி வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சுற்று முடிவு தெரியாமல் மேப்பைத் தாண்டிப் போய்விடும். ரஸ்ட்டின் பீட்ரீமேப் அந்த இடத்தில் நிரலையே நிறுத்திவிடும். சீ ஷார்ப்பின் சார்ட்டட்டிக்ஷனரியில் பகுதி எடுக்கும் வசதி இல்லை. சார்ட்டட்செட்டில் இருக்கிறது, ஆனால் அது இரு முனைகளையும் சேர்த்துக்கொள்ளும். என் பக்கங்களை அப்படி வெட்டினால், ஒரு தலைப்பு தானே ஒரு சாவியாகவும் இருக்கும் இடத்தில் அந்தச் சாவி இரு பக்கத்திலும் வரும்.

இப்போது ஆசிரியர் நகரப் பக்கங்களில் இருக்கிறார். நேற்று மாலை கதவைத் தட்டி, உரைநூல்கள் சில சீரைப் பிரித்தும் சில சேர்த்தும் அச்சிட்டிருக்கின்றன, இரண்டையும் அடைவில் காட்ட முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். முடியும் என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள் என்று மட்டும் சொல்லவில்லை.